வாடை தொடங்குமுன் குளக்கட்டைப் பாருங்கள்: இலங்கை உலர் வலயத்துச் சிறு குளங்களைப் பராமரிக்கும் முறை

குளம் உடைப்பெடுத்தது என்று செய்தி வரும்போதெல்லாம் பழி மழைமேல் விழுகிறது. மழை கடைசி உதைதான். அதற்கு முன்னமே துருசின், அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகின், குழாய்ப் பக்கத்தால் இரண்டு மூன்று மாரியாகத் தண்ணீர் கசிந்திருக்கும். மாடுகள் ஏறி இறங்கிக் கட்டின் ஓரிடம் ஒரு அடி தாழ்ந்திருக்கும். அல்லது சிறுபோகத்துக்கு, அதாவது கோடைப் பயிருக்கு, கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து வைக்கலாமென்று யாரோ வான்மேல் (மிகைநீர் வழிந்தோடும் கலிங்கின்மேல்) மண்மூட்டை அடுக்கியிருப்பார்கள். மூன்றும் பெருமழைக்கு முன்னமே, பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நேரே தெரிகிற குறைகள். கார்த்திகை இருட்டில், கொட்டும் மழையில், ரோச் லைற் அடித்துத் தேடுகிற விசயமல்ல.

கமக்காரர் அமைப்பில் புதிதாகப் பொறுப்பெடுத்தவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. பொறியியலாளர் செய்ய வேண்டிய வேலை எது, ஊரவர் கையால் செய்யக்கூடியது எது என்று பிரித்தறிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

குளம் ஏன், யாருடையது

இலங்கையின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் உலர் வலயம். வடக்கு, வடமத்தி, கிழக்கு முழுதும், புத்தளம், அம்பாந்தோட்டைப் பக்கமும் அதில் அடங்கும். ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த மழைதான் என்றாலும் அது சிறிய மழையல்ல. சிக்கல், அது வந்துபோகிற காலத்தில் இருக்கிறது. ஐப்பசியிலிருந்து தை வரை கொட்டித் தீர்த்துவிட்டு, வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகக் காற்று நிலத்தை வறட்டி எடுக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லையும் சில கரையோரப் பகுதிகளையும் விட்டால், அடியில் இருப்பது கடும்பாறை. நிலத்தடி நீரை நம்பி நெல் விதைக்க முடியாது. ஆனால் நிலம் அலையலையாக ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு தாழ்வுக்கும் குறுக்கே மண்கட்டுப் போட்டு, ஒரு குளத்தின் கழிவுநீர் அடுத்த குளத்துக்குப் போகும்படி முன்னோர் கோத்து வைத்தார்கள். சிங்களத்தில் இந்தத் தொடருக்கு எல்லங்காவ என்று பெயர். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2017இல் இதை உலக முக்கியத்துவம் உள்ள விவசாய மரபாக ஏற்றுக்கொண்டது.

80 ஹெக்டேயர், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் வயலுக்கு உட்பட்டுத் தண்ணீர் கொடுப்பது சிறு குளம். இது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ மத்திய திணைக்களத்திடமோ மகாவலி அதிகாரசபையிடமோ இருக்கும். கடிதத்தைத் தவறான கந்தோருக்கு அனுப்பினால் ஒரு மாரி வீணாகப் போய்விடும். ஆகவே உங்கள் குளம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கமநல சேவை நிலையத்தில் முதலில் உறுதிப்படுத்துங்கள்.

கட்டில் நடப்பது

ஆவணி கடைசியில் ஒரு காலை நேரம் போதும். மூன்று பேர், ஒரு கத்தி, ஒரு மண்வெட்டி, ஒரு கொப்பி. கட்டின் ஒரு முனையிலிருந்து 100 அடிக்கு ஒரு முளை அடித்து இலக்கம் போடுங்கள். “பெரிய மருதுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை” என்று எழுதினால் அடுத்த வருடம் யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. “7ஆம் முளையிலிருந்து 20 அடி, வெளிச்சரிவு, நடு உயரம்” என்று எழுதினால் புதிதாக வருகிறவருக்கும் விளங்கும்.

ஒருவர் கட்டின் மேலாலும், ஒருவர் தண்ணீர்ப் பக்கச் சரிவாலும், மற்றவர் வயல் பக்க அடிவாரத்தாலும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். புல்லும் பற்றையும் மறைத்தால் முதல் நாளே வெட்டிவிடுங்கள். பற்றை மண்டிய கட்டைப் பார்த்தேன் என்று சொல்வது பார்க்காததற்குச் சமன்.

மேலால் நடப்பவர் தேட வேண்டியது தாழ்வு. சிறு குளங்களில் பெரும்பாலும் கட்டின் மேல் அகலம் 8 அடியளவில், சரிவு ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அடி, வெள்ள மட்டத்துக்கு மேல் 3 அடி மிச்சம் என்ற கணக்கில் கட்டியிருப்பார்கள். அந்த 3 அடி மிச்சம் கட்டின் முழு நீளத்துக்கும் இருந்தால்தான் மிச்சம். உழவு இயந்திரம் ஏறுகிற இடத்திலும், மாடு தண்ணீருக்கு இறங்குகிற இடத்திலும், குளிக்கப் போகிற பாதையிலும் அது 2 அடியாக, ஒன்றரை அடியாகக் குறைந்திருக்கும். வெள்ளம் மேவினால் 1,500 அடிக் கட்டும் ஒன்றாக மேவாது. அந்த ஒற்றைப் பள்ளத்தால் மட்டும் பாய்ந்து, ஒரு மணித்தியாலத்தில் அங்கே வாய்க்கால் வெட்டிவிடும்.

கண்ணால் பார்த்து மட்டம் சொல்லாதீர்கள். ஒரு முளையிலிருந்து அடுத்த முளைக்கு எட்டும்படி 120 அடி நீளமான, உள்ளே தெரிகிற பிளாஸ்ரிக் குழாய் ஒன்றில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு நுனியை வானின் முடியில் பிடித்து, மற்ற நுனியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தை முளையில் கீறுங்கள். அங்கிருந்து அடுத்த முளை. கட்டின் முடிவு வரை போய், அதே வழியால் திரும்பி வான்வரை வாருங்கள். தொடங்கிய மட்டத்துக்கும் திரும்பி வந்த மட்டத்துக்கும் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ குமிழி புகுந்திருக்கிறது. திரும்பவும் செய்ய வேண்டும். ஒரு பகல் வேலை. பொறியியலாளரின் கருவி வரும்வரை இது போதும்.

தாழ்வை நிரப்பும்போது நடக்கிற வழமையான பிழை, டிப்பரில் கிரவல் கொண்டுவந்து கொட்டி டோசரால் இழுத்துவிட்டுப் போவது. டோசரின் சங்கிலி அகலமானது. பாரத்தைப் பரப்பிவிடுமே தவிர மண்ணை இறுக்காது. முதல் மழையில் அந்த மண் பொருமி, பழைய கட்டுக்கும் புதிய மண்ணுக்கும் இடையில் வெடிப்பு விழும். முதலில் புல்லை வேரோடு செதுக்கி எடுத்து, பழைய முகத்தைக் கொத்திக் கரடாக்கி, தண்ணீர் தெளியுங்கள். பிறகு 6 அங்குலப் படையாகப் போட்டு உருளையால் இறுக்குங்கள். சின்ன இடமென்றால் இடிகட்டை போதும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை உடையாமல் நின்று, கையில் ஒட்டாமல் இருந்தால் சரி. உதிர்ந்தால் ஈரம் காணாது. விரலிடுக்கால் பிதுங்கினால் ஈரம் கூடிவிட்டது. மண்ணைக் கட்டின் அடிவாரத்தில் வெட்டி எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேலே ஒரு அடி உயர்த்தக் கீழே இரண்டு அடி தோண்டினால் கட்டுக்கு உரமா, குழியா?

தண்ணீர்ப் பக்கம் போகிறவர் அலை தின்ற படியைத் தேட வேண்டும். மாரியில் வாடை வீசும்போது நீண்ட நீர்ப்பரப்பைத் தாண்டி வரும் அலை, குளம் நிறைந்து நிற்கும் மட்டத்தில் கட்டைப் படிபோல அரித்துவிடும். கல்லுப் பதித்த இடங்களில் கல் காணாமல் போயிருக்கும். பாதி அலை கொண்டுபோனது, பாதி உடுப்புத் தோய்க்கவும் அடுப்புக்கும் போனது. திரும்பப் பதிக்கும்போது கல்லுக்கடியில் 6 அங்குலம் சரளை போடாவிட்டால் எவ்வளவு பெரிய கல்லும் நிற்காது. அலை பின்வாங்கும்போது கல்லிடுக்கால் மண்ணை உறிஞ்சி எடுத்துவிடும், கல் உள்ளே புதையும். சரளை மண்ணைப் பிடித்துவைத்துத் தண்ணீரை மட்டும் விடுகிறது.

கறையான் புற்றின் வாயை மட்டும் மண்ணால் அடைப்பது கண்துடைப்பு. ராணி இருக்கிற அறைவரை தோண்டி, பக்கக் கிளைகளையும் தொடர்ந்து வெட்டி, படை படையாக நிரப்ப வேண்டும். முள்ளம்பன்றி, உடும்பு வளைகளுக்கும் இதே வைத்தியம். வளை மிக ஆழம் போனால், வெட்டக்கூடிய தூரம் வெட்டிவிட்டு மிச்சத்துக்குக் களிமண் குழம்பைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றுங்கள். வற்றிய குளத்தில் தண்ணீர்ப் பக்கம் பெரிய துவாரம் தெரிந்தால் கையை விட்டுப் பார்க்க வேண்டாம், முதலை கிடக்கலாம்.

மரத்தில் கவனம் வேண்டும். விரல் பருமனான செடியை வேரோடு பிடுங்கலாம். ஆனால் கட்டில் ஏற்கெனவே வளர்ந்து நிற்கிற பெரிய மரத்தை அடியோடு அரிந்து தள்ளிவிட்டு வேரை விட்டுவிடாதீர்கள். நாலைந்து வருடத்தில் வேர் உக்கி, கட்டின் குறுக்கே குழாய்போல வெற்றிடம் விட்டுவிடும். மரம் இருந்தபோது இல்லாத கசிவு, வெட்டிய பிறகு வருவது இதனால்தான். வெட்டுவதென்றால் வேரையும் தோண்டியெடுத்து நிரப்புகிற செலவோடு வெட்டுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கட்டுக்கு வெளியே, அடிவாரத்துக்கு அப்பால் நிற்கிற மரக்கூடல் வேறு சங்கதி. சிங்களக் கிராமங்களில் கட்டகடுவ என்று பெயர் வைத்து அதைக் காத்தார்கள். கசிந்துவரும் உவரை உறிஞ்சி வயலைக் காப்பது அது. குளத்தின் மேற்தலையில் காற்றைத் தடுக்கும் மர வரிசையும், வண்டலைப் பிடிக்கும் புல் நிலமும் அப்படித்தான். குளம் நிறையும்போது தண்ணீர் பரவுகிற மேற்கரையான அலைகரையை வெளியாக்கி விதைக்கிறவர் வெட்டியெடுப்பது காட்டை மட்டுமல்ல, குளத்தின் ஆயுளையும்தான்.

துருசு: குளத்தின் பலவீனமான இடம்

மண்கட்டுக்குள் மண்ணல்லாத ஒன்று புகுந்து போகிற இடம் துருசு. கொங்கிறீற்றோடு மண் எப்போதும் முழுமையாக ஒட்டாது. குழாயின் வெளிப்பக்கத்தால் தண்ணீர் ஒரு நூலிழை வழி கண்டுபிடித்துவிட்டால், போகும்போது மண்ணையும் கொஞ்சம் கொண்டுபோகும். வழி பெருக்கும், வேகம் கூடும், இன்னும் கொண்டுபோகும். இப்படி உள்ளிருந்து அரிபட்டு உடைகிற கட்டு, மேலே காய்ந்து நன்றாக இருப்பதுபோலத் தெரியும். 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளம் உடைத்து 120 பேருக்கு மேல் இறந்தது சித்திரை மாதத்தில். அது மாரி வெள்ளக் காலமே அல்ல. வானம் வெளித்திருக்கிறது, இனிப் பயமில்லை என்று குளத்தை மறந்துவிடக் கூடாது.

சோதிக்கிற முறை இலகு. குளத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும்போது துருசுக் கதவை இறுக்கி மூடுங்கள். வெளிவாயில் போய்ப் பாருங்கள். குழாயின் உள்ளால் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் வந்தால் கதவின் ரப்பரோ தகடோ தேய்ந்திருக்கிறது, அவசரமில்லை. குழாயின் வெளிச்சுற்றால், சுவருக்கும் மண்ணுக்கும் இடையால் வந்தால் அவசரம். கலங்கலாக வந்தால் மிக அவசரம். கலங்கலா இல்லையா என்பதில் கண்ணை நம்ப வேண்டாம். வெறும் சோடாப் போத்தல் ஒன்றில் அந்தத் தண்ணீரைப் பிடித்து அரை மணித்தியாலம் ஆடாமல் வையுங்கள். அடியில் ஒரு விரல்நகக் கனத்துக்கு மண் படிந்தாலும், அந்த மண் உங்கள் கட்டின் உள்ளிருந்து வந்தது. திகதி எழுதி அந்தப் போத்தலையே கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு பக்கக் கடிதத்தைவிட அது பேசும்.

இதைத் திருத்துவது ஊர்ச் சிரமதான வேலையல்ல. கட்டை வெட்டித் திறந்து, குழாய் மூட்டுகளைப் பார்த்து, சுற்றிவரக் களிமண்ணை 4 அங்குலப் படையாகக் கையாலேயே இடித்து நிரப்ப வேண்டும். குழாய்க்கு இரண்டடிக்குள் இயந்திரம் வரக்கூடாது. வெளிவாயில் சீமெந்து பூசி அடைப்பது எல்லாவற்றிலும் மோசமான வேலை. தண்ணீருக்குப் போக வழியில்லாமல் கட்டுக்குள்ளேயே அழுத்தம் கூடி வேறிடத்தால் வெடித்து வரும்.

கதவின் திருகுத்தண்டுக்கு வருடம் ஒருமுறை கிறீஸ் போடுங்கள், முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள். மாரிக்கு நடுவில் இறுகி நிற்கிற கதவைக் கம்பி போட்டு நெம்பியே பல திருகுகள் முறிந்திருக்கின்றன. பழைய கல்லுத்துருசுக்குள் தனியாக இறங்காதீர்கள், பாம்பும் கெட்ட காற்றும் அங்கேதான் இருக்கும்.

வானில் கை வைக்காதீர்கள்

குளத்தை நம்பி இருக்கிறவர்களே குளத்துக்குச் செய்கிற பெரிய கெடுதல் இது. மார்கழியில் வான் பாய்ந்து ஓடுகிற தண்ணீரைப் பார்க்கும்போது, சித்திரையில் வெடித்துக் கிடக்கப்போகிற வயல் நினைவுக்கு வரும். வான்மேல் ஒரு அடி மண்மூட்டை வைத்தால் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்! ஆசை நியாயமானது; கணக்குத்தான் பிழை.

60 அடி நீள வான் ஒன்றை எடுங்கள். வானால் போகும் தண்ணீர், அதன் நீளத்தை மூன்றால் பெருக்கி, முடிக்கு மேல் தண்ணீர் நிற்கும் உயரத்தின் ஒன்றரை அடுக்கால் பெருக்க வருவதற்குக் கிட்டத்தட்டச் சமன். 2 அடி உயரம் பாய்ந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 510 கன அடி போகும். ஒரு அடி மூட்டை வைத்தபின் குளம் அதே மட்டத்துக்கு வரும்போது வான்மேல் 1 அடிதான் பாயும். போவது 180 கன அடி. உயரம் பாதியானால் போகும் தண்ணீர் பாதியாவதில்லை, மூன்றில் ஒன்றுக்கு இறங்கிவிடுகிறது. வருகிற வெள்ளமோ 510தான். மிச்சம் 330 எங்கே போகும்? குளத்தில் ஏறும். பழையபடி 510 வெளியேற வேண்டுமானால் குளம் இன்னொரு அடி உயர வேண்டும். கட்டின் 3 அடி மிச்சம் 2 அடியாகிவிட்டது. மாடு இறங்கிய பள்ளத்தில் அது 1 அடி. வாடைக்காற்றில் அலையே ஒரு அடி எழும்பும்.

வானின் முடியை உயர்த்தக்கூடிய குளங்கள் இருக்கின்றன. ஆனால் கட்டையும் சேர்த்து உயர்த்தி, வானையும் நீட்டி, அலைகரைக் காணிக்காரருடனும் மேற்குளத்தாருடனும் பேசி, பொறியியலாளர் கணக்குப் பார்த்துச் செய்கிற வேலை அது. மூட்டையால் ஆகாது.

வானோடு சேர்ந்த வேறு குறைகளும் உண்டு. வான் பாயும்போது மீன் ஏறும். அதைப் பிடிக்கக் குறுக்கே வலையும் தடியும் கட்டுவார்கள். மிதந்துவரும் கொப்பும் சல்வீனியா நீர்க்களையும் அதில் சிக்கினால் வலை சுவராகிவிடும். வான் பாய்கிற நாட்களில் குறுக்கே எதுவும் கட்டக்கூடாது என்பதை, போகம் தொடங்குமுன் கமக்காரர் கூடும் போகக் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள். மீனுக்கு வேறு நேரம் இருக்கிறது. வானுக்குக் கீழே வாய்க்காலை நிரப்பி வயலாக்கியிருந்தால் தண்ணீர் பின்னுக்கு நிற்கும். வாய்க்கால் தரை அரிபட்டு, பள்ளம் வருடாவருடம் வானை நோக்கி மேலேறி வந்தால் ஒருநாள் வானின் அடித்தளமே தொங்கும். வானுக்கும் மண்கட்டுக்கும் இடையிலுள்ள சிறகுச் சுவரின் பின்பக்கத்தைக் கம்பியால் குத்திப் பாருங்கள். கம்பி சுலபமாக இறங்கினால் உள்ளே வெற்றிடம்.

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது

கட்டு நின்றால் போதாது, கணக்கும் நிற்க வேண்டும். மாரிப் பயிரான பெரும்போகத்தில் மழை பாதிப் பாரத்தைச் சுமக்கும். நாட்டின் வருடாந்த நெல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்தப் போகத்தில்தான் வருகிறது. சிறுபோகம் குளத்தை மட்டுமே நம்பியது. அங்கேதான் சண்டை.

நிறைகுளத்தின் கொள்ளளவை மதிக்க ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: பரப்பு ஏக்கரில், ஆழம் அடியில், இரண்டையும் பெருக்கி 0.4ஆல் பெருக்குங்கள். 50 ஏக்கர் பரவி, துருசடியில் 8 அடி நிற்கிற குளம் 160 ஏக்கர் அடி; ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி. ஆனால் குளம் பெட்டி அல்ல, தாம்பாளம். தண்ணீர் இறங்க இறங்கப் பரப்பும் சுருங்கும். 8 அடிக் குளத்தில் 6 அடி நின்றால் முக்கால்வாசித் தண்ணீர் இருக்கிறது என்று பேசுவார்கள். இருப்பது பாதியைவிடச் சற்றுக் குறைவு, 78 ஏக்கர் அடி. 4 அடி நின்றால் பாதியல்ல, ஆறில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே, 28 ஏக்கர் அடி. பங்குனியில் குளத்தைப் பார்த்து “பாதிக்குளம் இருக்கு, எல்லாருக்கும் விதைக்கலாம்” என்று கை உயர்த்துகிற கூட்டம், ஆனியில் கருகின பயிருக்கு நட்டஈடு கேட்டு நிற்பது இந்த ஒரு விளக்கக் குறைவால்தான்.

அடுத்தது இழப்பு. துருசடியில் அடி, அங்குலம் குறித்த ஒரு கம்பத்தை நடுங்கள். மழையில்லாத 10 நாள் துருசைப் பூட்டி வைத்து, எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். வெயிலும் காற்றும் கசிவும் சேர்ந்து நாளுக்கு மூன்றில் ஒரு அங்குலம் இறங்கினால், 100 நாளில் 33 அங்குலம். மேலே சொன்ன குளத்தில் 6 அடியிலிருந்து தொடங்கினால், வயலுக்கு விட விடப் பரப்பு சுருங்கிக்கொண்டு போவதையும் சேர்த்துப் பார்க்க, 40 ஏக்கர் அடியளவு இப்படியே போய்விடும். மாட்டுக்கும் மீனுக்கும் அடியில் ஒன்றரை அடி விடுங்கள், அது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் அடி. மிச்சம் 35 அளவில். சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி என்று வைத்தால் விதைக்கக்கூடியது எட்டு ஒன்பது ஏக்கர்தான்.

எட்டு ஏக்கரை நாற்பது பேர் எப்படிப் பங்கிடுவது? துருசுக்கு அண்மையிலுள்ள வயலைத் தெரிந்து, அந்தப் போகத்துக்கு மட்டும் எல்லாரும் பங்கு போட்டுச் செய்வதே பழைய வழி. சிங்களத்தில் பெத்ம என்பார்கள். வாய்க்கால் குறுகுவதால் வழியில் குடிக்கிற தண்ணீரும் மிச்சம். கடைவயல்காரருக்கு எந்தத் துண்டு என்பதைச் சீட்டுப் போட்டு, எழுதி, கையொப்பம் வாங்கிவிடுங்கள். நெல்லை விட்டுப் பயறு, உளுந்து, கௌபிக்குப் போனால் இதே தண்ணீரில் இரண்டு மூன்று மடங்கு நிலம் செய்யலாம். வண்டல் இருவாட்டி மண்ணுக்கு அது சரிவரும். வடிகால் இல்லாத பள்ள வயலில் உளுந்து அழுகும்.

நெல்தான் என்றால் மூன்று மாத இனம், பீஜி 300 போல. ஒருவர் நாலு மாத நெல் விதைத்துவிட்டால், அவருக்காகக் குளத்தை இன்னும் ஒரு மாதம் திறந்து வைக்க வேண்டிவரும். பெரும்போகத்தில் ஐப்பசி முதல் மழையோடு புழுதி விதைப்பு முடித்தால் சேறடிக்கக் குளத்துத் தண்ணீர் தேவையில்லை. அந்த மிச்சம் அப்படியே சிறுபோகத்துக்கு வரும். முதல் தண்ணீர் எப்போது, கடைசித் தண்ணீர் எப்போது, எத்தனை ஏக்கர், என்ன இனம், மாடு எப்போது கட்டுவது: போகக் கூட்டத்தில் எடுக்கிற இந்தத் தீர்மானங்கள் சட்டப்படி கட்டுப்படுத்துபவை. எழுதாத தீர்மானம் வாய்க்கால் கரையில் செல்லாது.

தூர்வாருவது பற்றி ஒரு சொல். பெக்கோ இயந்திரம் கிடைத்துவிட்டால் கட்டோரமாகவே தோண்டத் தொடங்குகிறார்கள். துருசு மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் ஒரு துளியும் வயலுக்கு ஏறாது. கட்டோரக் களிப்படையைக் கிழித்தால் இருந்ததும் கசிந்துபோகும். மேற்தலையில், தண்ணீர் பரவி ஆவியாகிற ஆழமில்லாத இடத்தில் வாரி, வாரிய மண்ணைக் குளத்துக்கு வெளியே ஏற்றுங்கள். உள்ளேயே திட்டியாகக் குவித்தால் இரண்டு மாரியில் பழையபடி.

மழை விடாத இரவு

பெருமழை எச்சரிக்கை வந்தவுடன், மழைக்கு முன்பே துருசைத் திறவுங்கள். வெள்ளம் ஏறியபின் திறப்பது ஆறுதலுக்கு மட்டும். துருசால் போவது விநாடிக்குப் பத்துப் பதினைந்து கன அடி, வானால் போவது ஐந்நூறு. ஆனால் நாளுக்கு ஒரு அடிக்கு மேல் இறக்காதீர்கள். ஊறிய உட்சரிவு, தாங்கிய தண்ணீர் திடீரெனப் போனால் வழுகி விழும்.

வெறும் உரப் பைகள், மணல், சரளை, மண்வெட்டி, தறப்பாள் எல்லாம் ஐப்பசிக்கு முன்பே கட்டுக்கு அருகில், மேட்டில் இருக்க வேண்டும். பையில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். முட்ட நிரப்பினால் உருண்டை ஆகி இடைவெளி விடும். மேற்குளத்துக்காரரின் தொலைபேசி இலக்கம் கையில் இருக்கட்டும். தொடரில் மேலே ஒன்று உடைத்தால் அந்த வெள்ளம் முழுதும் உங்கள் வானுக்கு வரும். 1957 மார்கழியில் நாச்சதுவ போன்ற பெருங்குளங்களே உடைத்தன. இருவர் சேர்ந்தே காவல் போக வேண்டும், மட்டத்தை மணிக்கொருமுறை எழுத வேண்டும்.

அடிவாரத்தில் மண்ணோடு தண்ணீர் கொதிப்பதுபோல் பொங்கினால், கை தானாக அதை அடைக்கப் போகும். அடைக்காதீர்கள். அடைத்தால் பக்கத்தில் பொங்கும். சுற்றிவர மண்மூட்டையால் கிணறுபோல ஒரு வளையம் கட்டி, உள்ளே முதலில் பருமணல், அதற்கு மேல் சரளை, அதற்கு மேல் கல். தண்ணீர் வரட்டும், மண் வராமல் நிற்கட்டும். வளையத்துக்குள் தண்ணீர் உயர உயர எதிரழுத்தமும் கூடும். வருகிற தண்ணீர் தெளிந்துவிட்டால் தப்பியாயிற்று. அடைக்க வேண்டியது மறுபக்கத்தில். தண்ணீர்ப் பரப்பில் சுழி தெரிந்தால் அங்கேதான் வாய். தறப்பாளின் ஓரத்தில் மண்மூட்டை கட்டி இறக்கி, மேலே மூட்டை போட வேண்டும். இடுப்பில் கயிறு கட்டாமல் யாரும் சுழிக்குக் கிட்டப் போகக்கூடாது.

கட்டின் தாழ்வில் மூட்டை வைக்கலாம். செங்கல் அடுக்குவதுபோல மூட்டு மாறி, அடிவரிசை இரட்டையாக. வானில் வைத்த மூட்டை ஏதும் இருந்தால் அதை எடுத்துக் கட்டில் வையுங்கள்.

தண்ணீர் கட்டின் மேற்தளத்துக்கு அரை அடிக்குள் வந்து, இன்னும் ஏறினால் மூட்டை வேலையை விட்டுவிட்டுக் கீழ்வயல், கீழ்வீடுகளில் உள்ளவர்களை எழுப்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கிராம அலுவலருக்கும் உடனே சொல்லுங்கள். கட்டை வெட்டிவிடும் முடிவு அதிகாரிகளுடையது. அப்படி வெட்ட நேர்ந்தாலும் கட்டு உயரம் குறைந்த ஓரத்தில், கடும்தரை உள்ள இடத்தில் வெட்டுவார்களே தவிர நடுவிலோ துருசடியிலோ அல்ல.

மழை விட்டு, வான் பாய்வது நின்றபின் குளம் நிறைந்து நிற்கிற தை மாதக் காலைகளில் இன்னொரு முறை அடிவாரத்தால் நடவுங்கள். ஆவணியில் தெரியாத ஒன்று இப்போது தெரியும்: புல் மற்ற இடத்தைவிடப் பச்சையாக நிற்கிற திட்டு, காலை வைத்தால் சொதசொதக்கிற மண். அந்த இடத்தில் சிவப்புத் துணி கட்டிய முளையை அடித்து, முளை இலக்கத்தையும் அன்றைய நீர்மட்டத்தையும் கொப்பியில் எழுதுங்கள். கோடையில் தண்ணீர் இறங்கியதும் அந்த இடம் காய்ந்து, பக்கத்து மண்ணைப் போலவே கிடக்கும். அப்போது தோண்ட வேண்டிய இடத்தைக் காட்ட அந்த முளை மட்டுமே இருக்கும்.